ஒரு கமாவும் மூன்று மரங்களும்

“எழுத்துரு மாற்றும்போது மென்பொருளில் நேர்ந்த பிழை அது. வருந்துகிறோம், உடனே சரிசெய்துவிடுகிறோம்.” நான் எழுதிய பதில் இவ்வளவுதான். அனுப்பி நான்கு வருடம் ஆகிவிட்டது. அந்தக் கட்டுரையாளருக்கு இது இன்னும் நினைவில் இருக்குமா என்று தெரியாது. எனக்கு மட்டும் சில ராத்திரிகளில் வரி பிசகாமல் ஞாபகம் வருகிறது.

மென்பொருள் எந்தப் பிழையும் செய்யவில்லை. செய்தவள் நான்.

ஜப்பானுக்கும் இத்தாலிக்கும் இடையிலான உறவைப் பற்றி இருபது பேருக்கு மேல் எழுதிய கட்டுரைத் தொகுப்பு அது. காப்பி எடிட்டிங், டைப்செட்டிங், இன்டெக்ஸ் மூன்றும் பதிப்பகத்திலிருந்து எங்கள் நிறுவனத்துக்கு வந்திருந்தன. இன்டெக்ஸ் போடுவது எனக்கு எப்போதுமே பிடித்த வேலை. புத்தகத்தின் எங்கெங்கோ மூலைகளில் இருக்கும் ஆட்கள் அங்கேதான் ஒருவர் கீழ் ஒருவராக வந்து நிற்பார்கள். இந்தப் புத்தகத்தில் ஆங்கில ‘எம்’ எழுத்து வரிசையைத் தொட்டதும் மோரிகள் வந்துகொண்டே இருந்தார்கள். ஜப்பானின் முதல் கல்வி அமைச்சர் மோரி அரினோரி. 1889-ல், மெய்ஜி அரசியலமைப்பு அறிவிக்கப்பட்ட அன்றைக்கே கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தவர். ராணுவ மருத்துவராகவும் எழுத்தாளராகவும் இருந்த மோரி ஓகாய். ஆடை வடிவமைப்பாளர் மோரி ஹனாயே. இத்தாலிப் பக்கம், 1925-ல் பலெர்மோவுக்கு முசோலினி அனுப்பி, மாஃபியாவை அடக்கியதால் ‘இரும்பு பிரிஃபெக்ட்’ என்று பெயரெடுத்த செசாரே மோரி. பாட்டு பற்றிய ஒரு கட்டுரையில் ஒரே ஓர் இடத்தில் கிளௌதியா மோரி.

மோரி என்றால் ஜப்பானியத்தில் காடு. மரம் என்பதற்கான எழுத்தை மேலே ஒன்று, கீழே இரண்டு என்று எழுதினால் அந்த எழுத்து வந்துவிடும். மூன்று மரம் சேர்ந்தால் காடு. இத்தாலியில் மோரி என்பது மோரோவின் பன்மை வடிவம். நிறம் கறுத்தவர்களுக்கு வைத்த பட்டப்பெயரிலிருந்து வந்தது என்பார்கள். அதே மோரோவுக்கு மல்பெரி மரம் என்றும் ஒரு பொருள் உண்டு. ட்ரென்டினோவில் மோரி என்று ஓர் ஊரே இருக்கிறது. இரண்டு பெயருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ரோமன் எழுத்தில் எழுதும்போது மட்டும் அச்சு அசலாக ஒன்று.

இன்டெக்ஸில் இவர்களைப் பிரிப்பது ஒரு கமாதான். ஜப்பானியப் பெயரில் குடும்பப்பெயர் ஏற்கனவே முன்னால் இருக்கிறது, திருப்பிப் போட வேண்டியதில்லை. அதனால் மோரி ஓகாய், கமா இல்லாமல். இத்தாலியப் பெயரைத் திருப்பித்தான் போட வேண்டும். அதனால் மோரி, செசாரே. ஜப்பான் அரசே 2020 ஜனவரியிலிருந்து தன் ஆவணங்களில் ரோமன் எழுத்திலும் குடும்பப்பெயரை முன்னால் எழுதுகிறது. கமா இருந்தால் இத்தாலி, இல்லாவிட்டால் ஜப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம் என்று நினைத்தேன்.

கட்டுரையாளர் பட்டியலில்தான் சிக்கல் வந்தது. ஜப்பானியப் பெயர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கான்ஜி எழுத்தில், அதாவது சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்தில், ஒரு முறை கொடுக்க வேண்டும் என்பது பதிப்பகத்தின் ஹவுஸ் ஸ்டைல். எல்லாரும் கொடுத்திருந்தார்கள். ஒருவர் மட்டும் முதற்பெயர், குடும்பப்பெயர் இரண்டையுமே கதகானாவில், அதாவது ஓசையை மட்டும் குறிக்கும் எழுத்தில், கொடுத்திருந்தார். குடும்பப்பெயர் மோரி. வேலை ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகத்தில். முதற்பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு நாட்டிலும் பெண் குழந்தைகளுக்கு வைக்கிற சின்னப் பெயர் அது.

எனக்கு உதவிக்கு இருந்த பெண், சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, கேட்டாள்: “அக்கா, இவங்க மட்டும் ரெண்டையும் கதகானால குடுத்திருக்காங்க. க்வெரி போட்டு அவங்களையே கேட்டுடலாமா?”

“வேண்டாம்மா. சில லேடீஸ் முதற்பெயரை அப்படித்தான் எழுதுவாங்க. மோரிக்கு அந்த மூணு மரம் எழுத்தைப் போட்டுடு. வேற என்ன இருக்கப்போகுது?”

அவள் உடனே போடவில்லை. “கன்ஃபார்மாக்கா?” என்று இன்னொரு தரம் கேட்டாள். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே “ம்” என்றேன். அவள் அந்த எழுத்தைப் போட்டாள். பட்டியலின் அகரவரிசை வடிவத்தில் அந்தப் பெயருக்கு நடுவில் இருந்த கமாவை நானே எடுத்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என்னிடம் காரணங்கள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஃபைல் அன்று ராத்திரி போயாக வேண்டும். அதற்கு முந்தைய புத்தகத்தில் க்வெரி அதிகமாகிவிட்டது, கட்டுரையாளர்கள் சலித்துக்கொள்கிறார்கள், தேவையில்லாததைக் கேட்காதீர்கள் என்று மேலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. கொஞ்சம் ஜப்பானியம் படித்தவள் என்று டீமில் எனக்கு ஒரு பேர். கேட்டால் பதில் சொல்லிவிடுவேன் என்று எல்லாரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். இவை எல்லாம் உண்மை. ஆனால் எழுதிப் பார்க்கும்போது ஒன்றுகூட அந்த “ம்”முக்குப் போதவில்லை.

ஜப்பானில் கதகானா என்பது வெளியிலிருந்து வந்த சொற்களுக்கும், வெளிநாட்டவர் பெயர்களுக்கும் உரிய எழுத்து. முதல் பாடத்திலேயே சொல்லிக்கொடுப்பது இது. குடும்பப்பெயரைக் கதகானாவில் எழுதியிருக்கிறார் என்றால் நான் அந்த மண்ணில் பிறந்தவள் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார் என்றுதான் பொருள். அதை நான் ‘முழுமையாகக் கொடுக்கவில்லை’ என்று படித்தேன். அவர் ஜப்பானியராகவே இருந்திருந்தாலும் அந்த எழுத்துதான் என்று நிச்சயமில்லை. 1992-ல் எண்டெவர் விண்கலத்தில் போன விண்வெளி வீரர் மோரி மமொருவின் பெயரில் முதல் ஓசை நெடில் (மூன்று மரத்து மோரியில் அது குறில்தான், தமிழில் எழுதும்போது இந்த வேறுபாடு தெரியாது), எழுத்துகளும் முற்றிலும் வேறு. ரோமன் எழுத்தில் நெடில் குறியை விட்டுவிட்டால் அவரும் இதே மோரிதான். இதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தே கேட்காமல் விட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய கட்டுரை பட்டுப்புழு முட்டை வியாபாரிகளைப் பற்றியது. பெப்ரீன் நோயால் ஐரோப்பாவில் பட்டுப்புழுக்கள் அழிந்துகொண்டிருந்த காலத்தில், நல்ல முட்டை தேடி இத்தாலியர்கள் யோகோஹாமாவரை போனார்கள். 1866-ல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டதற்கு இந்தத் தேவையும் ஒரு காரணம். அட்டைகளின் மேல் புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கும் முட்டைகளைக் கப்பலில் அவ்வளவு தூரம் பத்திரமாகக் கொண்டுவந்த கதையை அவ்வளவு அழகாக எழுதியிருந்தார். முதல் அடிக்குறிப்பில், இத்தாலியின் லொம்பார்தியில் பட்டுப்புழு வளர்த்த தன் பாட்டி வீட்டாருக்கு நன்றி சொல்லியிருந்தார். அந்த அடிக்குறிப்பில் ஒரு நிறுத்தற்குறியைத் திருத்தியவள் நான்தான். குறியைப் பார்த்த கண்ணுக்கு வாக்கியம் தெரியவில்லை.

ப்ரூஃப் திரும்பி வந்தது. அந்த எழுத்தின் மேல் ஒரே ஒரு கோடு, கமா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் குறி. கூடவே ஒரு மெயில். கடுமையான வார்த்தை ஒன்றுகூட இல்லை. தான் ஜப்பானில் பல வருடங்களாக இருப்பதாகவும், போனில் பெயர் சொன்னால் உடனே மூன்று மரத்தை எழுதிக்கொள்வார்கள் என்றும், கவுண்டரில் நேரில் போய் நின்றதும் முகத்தைப் பார்த்துவிட்டு அதை அடித்துக் கதகானாவில் எழுதுவார்கள் என்றும் சொல்லியிருந்தார். “எங்கள் வீட்டில் இது மல்பெரி மரத்திலிருந்து வந்த பெயர் என்பார்கள். அதனால் மரம் என்பது முழுத் தப்பில்லை. ஆனால் அந்த எழுத்து என்னுடையது இல்லை. யார், எதை வைத்து இப்படி முடிவு செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாமா? கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை.”

அதற்குத்தான் நான் மென்பொருள் என்று எழுதினேன். அந்த மெயிலின் காப்பி அந்தப் பெண்ணுக்கும் போனது. அவள் எதுவும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் சாப்பிடும்போதும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தயிர் சாதம், மாவடு, ஊருக்குப் போவது பற்றிப் பேச்சு. நான் ஆரம்பித்திருக்கலாம், ஆரம்பிக்கவில்லை.

மறுநாள் கட்டுரையாளரின் பதில் வந்தது. “அப்படியா? ஒரு மனிதர் யோசித்துப் போட்டிருப்பார் என்று நினைத்துவிட்டேன். நன்றி.”

இந்த வரியைத்தான் திரும்பத் திரும்ப படிக்கிறேன். அதில் நிம்மதியா, ஏமாற்றமா? ஒருவர் தன் பெயரைப் பார்த்து ஏதோ நினைத்திருக்கிறார், அது என்ன என்று கேட்டு ஒரு பேச்சைத் தொடங்க வந்தவரிடம் நான் கதவைச் சாத்திவிட்டேனோ என்று சில நாள் தோன்றுகிறது. வேறு சில நாள், இதற்கெல்லாம் இவ்வளவு யோசிக்கிறோமே, அவர் ஒரு நிமிஷத்தில் எழுதிவிட்டு வகுப்புக்குப் போயிருப்பார் என்றும் தோன்றுகிறது.

சமாதானம் தேடி அந்த இன்டெக்ஸ் பக்கத்தை எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். கிளௌதியா மோரி பிறந்தபோது மொரோனி. மோரி என்பது மேடைக்காக வந்தது. 1985-ல் மிலானின் லா ஸ்காலாவில் பட்டர்ஃபிளை ஓபராவுக்கு ஆடை வடிவமைத்த ஹனாயே பிறந்தபோது ஃபுஜியி, கல்யாணமாகித்தான் மோரி. செசாரே மோரி பாவியாவில் அனாதை விடுதியில் வளர்ந்தவர். பெற்றவர்கள் அவரைத் தங்கள் பிள்ளை என்று ஏற்றுக்கொண்டதே 1879-ல், ஏழு வயதில்தான். பெயர் என்றாலே இப்படி வந்து ஒட்டிக்கொள்வதுதானே, நான் ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டதில் என்ன வந்துவிட்டது என்று மனசு வாதாடும். ஆனால் இவர்களுக்கெல்லாம் பெயரைக் கொடுத்தது அவர்களாகவே, இல்லாவிட்டால் பெற்றவர்களோ கட்டிக்கொண்டவர்களோ. முகம் தெரியாத ஒருத்தி சாயங்கால அவசரத்தில் கொடுத்தது இல்லை.

அப்புறம் ஓகாய் இருக்கிறார். ஓகாய் என்பது புனைபெயர், சொந்தப் பெயர் மோரி ரின்தாரோ. ரின் என்ற எழுத்தில் இரண்டு மரம். மோரியின் மூன்று மரத்துக்குப் பக்கத்தில் அதை எழுதினால், இரண்டு எழுத்தும் சேர்ந்தும் காடு என்றே படிக்கலாம்; குடும்பப்பெயர் எங்கே முடிகிறது, சொந்தப் பெயர் எங்கே தொடங்குகிறது என்று புதிதாகப் படிப்பவர் தடுமாறிப்போவார். ராணுவ மருத்துவத்தில் உச்சப் பதவிவரை போனவர். 1922-ல் சாகும்முன் நண்பரிடம் சொல்லி எழுதவைத்த உயிலில், இவாமி ஊர்க்காரன் மோரி ரின்தாரோவாகவே சாக விரும்புகிறேன் என்றார். கல்லறையில் அந்தப் பெயருக்கு மேல் ஓர் எழுத்துகூட வெட்டக் கூடாது என்றார்.

ஓர் எழுத்துகூட. அந்த இடத்தில் என் வாதம் நின்றுவிடும்.

எனக்கு இது தெரியாத வலியும் இல்லை. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர். ஆபீஸ் மெயிலிலும் அதுவே. அப்பா போன பிறகும் வெளிநாட்டு கஸ்டமர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் திருத்திக்கொண்டிருந்தேன், பிறகு விட்டுவிட்டேன். இதை அந்தக் கட்டுரையாளருக்கு எழுத வேண்டும் என்று இரண்டு முறை மெயிலைத் திறந்தேன். நான் செய்ததை மறைக்க என் கதையைச் சொல்வது போலத் தோன்றியது. மூடிவிட்டேன்.

பிழை பற்றி கஸ்டமர் காரணம் கேட்டார்கள். ரூட் காஸ் ரிப்போர்ட்டில் எழுத்துரு மாற்றப் பிழை என்றே எழுதினேன். மெயிலில் ஒன்று, ரிப்போர்ட்டில் ஒன்று என்று இருக்க முடியாதே. இனி வராமல் தடுக்க என்ன செய்வீர்கள் என்ற கட்டத்துக்கு, செக்லிஸ்டில் ஒரு வரி சேர்த்தோம்: ‘கீழை மொழி எழுத்துகள் தானாக மாறியிருக்கிறதா என்று மூலத்தோடு ஒப்பிடவும்.’ இன்றும் அந்த வரி இருக்கிறது. நடக்காத ஒரு பிழைக்காக எல்லாரும் ஒவ்வொரு புத்தகத்திலும் டிக் போடுகிறார்கள். அந்த வரியால் பிரயோஜனம் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு கொரியப் பெயரில் உண்மையான தப்பு ஒன்றை அது பிடித்துக் கொடுத்தது.

அந்தப் பெண் இப்போது டீம் லீட். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் அந்த வரியைக் காட்டி, “எந்த சாஃப்ட்வேர்னு தெரிஞ்சா அதுல வர்ற ஃபைல மட்டும் பாத்தா போதுமே அக்கா?” என்று என்னிடம் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“எதுல வேணா வரும்ப்பா. எல்லாத்தையும் பாரு.”