மெமோவுக்காக வண்டி நிற்காது: வடசென்னை ஆம்புலன்ஸ் நாட்குறிப்பு

ஜூன் 4

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வரிசை நின்றால், அதை ஒட்டி வரும் டூவீலர்தான் அடிபடும். 108 வந்து சேர்ந்ததும் முதல் தகராறு, வண்டியை எங்கே போடுவது என்பதில். பைலட் (வண்டி ஓட்டுநர்), அடிபட்டவருக்கும் பின்னால் வரும் லாரிகளுக்கும் நடுவில் சற்றுச் சாய்வாகப் போடுவார். பிரேக் பிடிக்காத டிரெய்லர் வந்தால் வண்டியில் மோதட்டும், கீழே குனிந்திருக்கும் ஈ.எம்.டி. (வண்டியில் வரும் அவசர மருத்துவ உதவியாளர்) மேல் மோத வேண்டாம் என்று கணக்கு. டிராபிக் ஏட்டுக்கு வேறு கவலை. ஒரு லேன் அடைபட்டால் பின்னால் மொத்தமும் தேங்கிவிடும். "ஏம்பா, ஓரங்கட்டுப்பா!" என்பார். இரண்டு பேர் சொல்வதும் நியாயம். "சார், உங்க ஜீப்ப ஒரு அம்பது அடி பின்னாடி லைட்டோட போடுங்க, நான் முன்னாடி ஏத்திக்கிறேன்" என்றால் பாதி நாளில் காரியம் முடிந்துவிடும்.

ஜூன் 7

வண்டியில் இருப்பதே இரண்டு பேர். முதுகெலும்பில் அடி என்று சந்தேகம் வந்தால் ஆளைப் புரட்ட நான்கு பேர் வேண்டும். ஒருவர் தலையைப் பிடிப்பார். எண்ணிக்கை சொல்வதும் அவர்தான். தோளுக்கு ஒருவர், இடுப்புக்கும் காலுக்கும் ஒருவர், முதுகுக்கு அடியில் பலகையை (போர்டு) செருக ஒருவர். நிற்கும் காவலர்களைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் "தூக்குய்யா சீக்கிரம்" என்று ஆளுக்கொரு கை காலைப் பிடித்துவிடுவார்கள், அப்புறம் ஈ.எம்.டி. கத்துவார், அது சண்டையாகும்.

பெல்ட் போடும்போது மார்பு, இடுப்பு, கால், கடைசியில் தலை. தலையை முதலில் கட்டிவிட்டு உடம்பு சரிந்தால் கழுத்து முறுக்கிக்கொள்ளும். அவிழ்க்கும்போது தலை முதலில்.

ஜூன் 12

அதிகம் நேரம் தின்பது மெமோ சண்டைதான். மெமோ என்பது அடிபட்டவரின் விவரத்தைப் போலீஸ் எழுதும் சீட்டு. ஏட்டு சொல்வார்: "பேரு, அட்ரஸ் எழுதிக்கிறேன், இரு. எஸ்.ஐ. வரட்டும்." காயம்பட்டவருக்கு முதலில் சிகிச்சை, சட்டச் சடங்குகள் பிறகு என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லியாயிற்று. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்காகத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்திலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்பதில்லை. ஆனால் தீர்ப்பை ரோட்டில் நின்று ஒப்பித்தால் எந்த ஏட்டும் இறங்கி வரமாட்டார்.

அவருக்கு என்ன வேண்டும் என்று பார்க்க வேண்டும். ஸ்டேஷனில் கேட்டால் பதில் சொல்ல அவருக்குத் தேவை நாலே விஷயம்: எந்த ஆஸ்பத்திரி, வண்டி எண், கிளம்பிய நேரம், அடிபட்டவரின் பெயர் அல்லது போன் எண். இதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் அரை நிமிடம். மற்றதெல்லாம் கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் போடும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவில் வந்துவிடும், அங்கிருந்தே ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். பர்ஸ், செயின், செல்போனை மட்டும் அங்கேயே அவர் கண்ணெதிரில் எண்ணி எழுதி, யார் வாங்கினாரோ அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. காணாமல் போன அரைப் பவுனுக்கு ஆறு மாதம் கழித்துப் பதில் சொல்ல முடியாது.

வெட்டுக்குத்து கேஸ் என்றால் சட்டையை வெட்டும் இடத்தில் கவனம். கத்தி போன ஓட்டை வழியாகக் கத்தரிக்கோல் போகக் கூடாது. தையல் ஓரமாக வெட்டி, காகிதப் பையில் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரத் துணி பூசணம் பிடிக்கும், சாட்சியம் கெடும். இதைச் செய்யும் ஈ.எம்.டி.யை அந்த ஸ்டேஷன்காரர்கள் அடுத்த முறை மடக்க மாட்டார்கள்.

ஜூன் 13

ஆக்சிஜன் கணக்கு. 10 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டர், அழுத்தம் காட்டும் முள் 150 பாரில் இருந்தால் சுமார் 1500 லிட்டர். பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடினால் 100 நிமிடம். முள் 40-க்கு வந்துவிட்டால் மிச்சம் 400 லிட்டர், அதாவது 26 நிமிடம். சாயங்காலம் திருவொற்றியூரிலிருந்து ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு அதை நம்பிக் கிளம்ப முடியாது. ரோட்டில் பத்து நிமிடம் வாக்குவாதம் என்றால் 150 லிட்டர் போயிற்று. முள் 15 இறங்கியிருக்கும். இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது, முள்ளைக் காட்டினால் போதும்.

ஜூன் 18

உயிர் இல்லை என்று கண்ணுக்கே தெரியும் உடல். கூட்டம் சேருகிறது, மறியல் ஆகிவிடுமோ என்று எஸ்.ஐ.க்குப் பதற்றம். "ஏத்திட்டுப் போய்டு." 108 உயிரோடு இருப்பவர்களுக்கான வண்டி, உடலை ஏற்றிப் போனால் அடுத்த அழைப்புக்கு அந்தப் பகுதியில் வண்டி இருக்காது. 155377 அமரர் ஊர்தியையும் இதற்குக் கூப்பிட முடியாது. அது அரசு ஆஸ்பத்திரியிலிருந்து உடலை வீட்டுக்குக் கொண்டுபோவது. ரோட்டிலிருந்து மார்ச்சுவரிக்கு வண்டி பார்ப்பது ஸ்டேஷன் பாடு. ஆனால் இறந்துவிட்டார் என்று சொல்லும் அதிகாரம் டாக்டருக்குத்தான். உடல் விறைக்கவில்லை, தலை சிதையவில்லை என்றால் சந்தேகத்தின் பலனை நோயாளிக்குக் கொடுத்து, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று ஆரம்பித்து, ஏற்றிப் போவதுதான் சரி.

ஜூன் 21

மெஷினில் விரல் துண்டானால் போலீஸ்காரர்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். ரத்தம் கட்டுக்குள் இருந்தால் ஸ்டான்லிக்கே போக வேண்டும். கை அறுவைக்கென்றே தனிப் பிரிவு அங்கே இருக்கிறது. துண்டை சலைனில் நனைத்த காஸ் துணியில் சுற்றி, கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸில் வைக்க வேண்டும். நேராக ஐஸில் போட்டால் திசு செத்துவிடும்.

ஜூன் 26

2009 மே மாதம் அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில், வழிவிடவில்லை என்று ஒரு நெடுஞ்சாலைப் போலீஸ்காரர் ஆம்புலன்ஸை மடக்கினார். உள்ளே நோயாளி. பாராமெடிக்கின் கழுத்தைப் பிடிக்கும் வரை போனது. இங்கே 2017 ஓட்டுதல் விதிகளின்படி முதலில் தீயணைப்பு வண்டி, அடுத்து ஆம்புலன்ஸ், பிறகுதான் போலீஸ் வண்டி. வழிவிடாதவருக்கு 194இ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சிக்கல் சைரன் இல்லாமல் போகும்போது. வலிப்பு வந்த கர்ப்பிணியை ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில் சத்தமே கூடாது, மறுபடி வலிப்பு வரலாம். சைரன் போட்டுக் காலி வண்டி ஓட்டும் ஆட்களால் போலீசுக்குச் சந்தேகம் வேறு. மடக்கினால் பைலட் இறங்கக் கூடாது, இறங்கினால்தான் தள்ளுமுள்ளு. கண்ணாடியை இறக்கி: "பேஷன்ட் உள்ள இருக்காங்க, ஆர்.எஸ்.ஆர்.எம். போறோம். நம்பர் நோட் பண்ணிக்கிங்க சார், ஃபைன் அப்புறம் போடுங்க." ஈ.எம்.டி. பக்கக் கதவை ஒரு சாண் திறந்து காட்டிவிட்டு மூடிவிடுவார்.