கரையான் குடலில் மருந்து தேடும் வேலை

கரையானை 70 சதவீத எத்தனாலில் கழுவி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, வயிற்று நுனியை இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்தால் குடல் முழுசாக வந்துவிடும். அவசரப்பட்டால் அறுந்துபோகும். அதை உப்புக்கரைசலில் அரைத்து, நீர்க்கச் செய்து, பாக்டீரியா வளர்க்கும் அகார் தட்டில் பரப்புவோம். பூஞ்சை மண்டிவிடாமலிருக்க சைக்ளோஹெக்சிமைடு சேர்ப்பது வழக்கம்.

அப்புறம் பொறுமைதான் வேலை. வேகமாக வளரும் பாக்டீரியாக்கள் இரண்டே நாளில் தட்டை நிறைத்துவிடும். நாங்கள் தேடும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா மெதுவாகத்தான் எழும்பும். மாவு தூவியதுபோல் வெளுத்த மேற்பரப்பு, மூடியைத் திறந்ததும் மழை நனைத்த மண்ணின் வாசனை. டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து இந்தப் பேரினம் தந்ததுதான்.

பூச்சிக்குள் ஏன் தேட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் பெடெரினைச் சொல்வேன். செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்திவிடும் நஞ்சு அது. 1950களில் அதைப் பிரித்தெடுக்க இரண்டரைக் கோடி பேடெரஸ் வண்டுகள் தேவைப்பட்டன. அதைத் தயாரிப்பது வண்டு அல்ல, வண்டுக்குள் வாழும் ஒரு பாக்டீரியா என்பதற்கான மரபணுச் சான்றை 2002இல் யோர்ன் பீல் வெளியிட்டார்.

பாக்டீரியாவை வளர்த்த திரவத்தை எத்தில் அசிடேட் என்ற கரைப்பானில் பிரித்து, காயவைத்து, புற்றுநோய் செல்கள் மேல் இடுவோம். பிறகு எம்டிடி என்ற மஞ்சள் சாயம். உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும். 96 குழிகள் கொண்ட தட்டில் ஒரு வரிசை மட்டும் ஊதா ஏறாமல் நின்றால் எவருக்கும் மனசு துள்ளும். ஆனால் அந்த இடத்தில் 'புற்றுநோய் மருந்து' என்று பேசுவதை நான் ஏற்பதில்லை. ப்ளீச் ஊற்றினாலும் அந்தச் செல்கள் சாகும். அதே அளவில் இயல்பான செல்கள் பிழைக்கின்றனவா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் அவையும் சேர்ந்தே சாகின்றன. நோயாளிகள் நம்பிக்கையோடு படிக்கும் செய்தி இது. வார்த்தையை அளந்துதான் விட வேண்டும்.

அந்தச் சோதனையைத் தாண்டினாலும் பொருள் புதியதா என்று பார்க்க வேண்டும். மூலக்கூறின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் 1255 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் உச்சி தெரிந்தால் முதலில் ஏற்கெனவே தெரிந்த மருந்தான ஆக்டினோமைசின் டிதான் ஞாபகம் வரும். ஆக்டினோமைசின் 1940லேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

இப்போது அந்தத் திரவத்திலிருந்து பிரித்து கையில் இருக்கும் ஒரு பகுதியின் நிறை, தெரிந்த எதனோடும் ஒத்துப்போகவில்லை. மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் சோதனை எடுக்க அளவு போதாது. இன்னும் பல லிட்டர் வளர்க்க வேண்டும்; குடுவைகள் ஷேக்கரில் ஏறிவிட்டன.