காற்றில்லாத ஊரில் போர் போட்ட கதை

திருச்செங்கோட்டில், போர் என்கிற ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கு உதிரி பாகங்கள் விற்கும் கடையில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. ஹேமர், பிட், ராடு, ஓ ரிங் என்று காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி எட்டு வரை பில் போடுவேன். அதற்கு முன்னால், விடிகாலை நாலே முக்காலிலிருந்து ஆறு வரை நிலவில் இருப்பேன். ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டுத் தறி ஓட ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தத்தில் பூமிக்குத் திரும்பியே ஆகவேண்டும்.

இப்படி எழுதிய என் முதல் அறிவியல் புனைகதை நாவல் கையில் புத்தகமாக வர நாலு வருடம் ஆனது. எழுதியது ஒன்றரை வருடம்தான். மீதியெல்லாம் எழுத்து அல்லாத வேலை. இதே வழியில் இறங்க நினைக்கிற யாருக்காவது உதவலாம் என்று, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

கதைக்கரு எங்கிருந்தோ வந்துவிடவில்லை. எங்கள் மாவட்டத்தில் பரமத்தி வேலூர்ப் பக்கம் சித்தம்பூண்டி என்றொரு ஊர். அங்கே கிடைக்கும் அனார்த்தசைட் என்கிற வெளிறிய பாறை, நிலவின் மேட்டு நிலப் பாறைக்கு உறவு. அந்தப் பாறையைப் பொடித்துத்தான் இஸ்ரோ செயற்கை நிலவு மண் செய்து, சந்திரயான் கலங்களைத் தரையிறக்கும் சோதனைக்குப் பயன்படுத்தியது. நிலவு மண்ணும் எங்கள் ஊர் மண்ணும் பங்காளிகள் என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 2008-இல் போன சந்திரயான் 1 நிலவில் தண்ணீரின் அடையாளத்தைக் காட்டியது. தென் துருவத்துப் பள்ளங்களுக்குள் வெயிலே விழுவதில்லை. அங்கே பனிக்கட்டி இருக்கிறது. தண்ணீருக்குத் துளை போட வேண்டுமென்றால் இந்தியா முழுக்க யாரைக் கூப்பிடுகிறார்கள்? திருச்செங்கோட்டு ரிக்காரர்களைத்தான். நிலவுக்கு மட்டும் வேறு ஆள் எதற்கு?

அவ்வளவுதான் நாவல். ஆறு பேர், ஒரு ரிக், ஒரு பள்ளம். எதிர்காலக் கதை என்றால் ஆட்களுக்கு எண்ணைப் பெயராக வைப்பது எனக்குப் பிடிக்காது. எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஓர் அர்த்தநாரி மேல்தான் விழ வேண்டும். இன்னும் எழுபது வருடத்தில் அது மாறிவிடும் என்று நான் நம்பவில்லை.

முதல் வரைவு முடிந்ததும் இரண்டு இலக்கிய நண்பர்களுக்குக் கொடுத்தேன். மொழி நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்தப் பாராட்டில் ஒரு வாரம் மிதந்தேன். மூன்றாவதாக, கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு ரிக் ஆபரேட்டர் அண்ணனிடம், துளை போடுகிற அத்தியாயத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். முப்பது வருட அனுபவம், ராஜஸ்தான் வரைக்கும் போய் போர் போட்டவர். கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, விரலை வரி மேல் ஓட்டிக்கொண்டே படித்தார். நாலாவது பக்கத்தில் விரல் நின்றது.

“ஏனுங் தம்பி, அங்க காத்தே இல்லைன்னு மொதப் பக்கத்துல எழுதியிருக்கறீங்க.”

“ஆமாங்ணா.”

“அப்பறம் கம்ப்ரஸரு எதைய இழுக்கும்?”

எனக்குக் காது மடல் சூடானது. விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ரிக் வேலை செய்வதே காற்றால்தான். கம்ப்ரஸர் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி, ராடு வழியாகக் கீழே தள்ளும். அந்தக் காற்றுதான் ஹேமரை, பாறையை உடைக்கும் முனையான பிட் மேல் அடிக்க வைக்கும். பாறை உடைந்த தூளைத் துளையிலிருந்து மேலே ஊதித் தள்ளுவதும் அதே காற்றுதான். தினமும் அந்தச் சாமான்களுக்கு பில் போடுகிறவன் நான். ஈர்ப்பு விசை ஆறில் ஒரு பங்கு, ஒரு பகல் ஏறக்குறைய பதினான்கு நாள் என்றெல்லாம் கணக்குப் பார்த்து எழுதிவிட்டு, கம்ப்ரஸரைக் கோட்டை விட்டிருந்தேன். அத்தியாயம் முழுக்க அது உறுமிக்கொண்டே இருந்தது. உறுமல் யாருக்கும் கேட்காது என்பது தனி.

அண்ணன் அதோடு விடவில்லை. “காத்தும் இல்ல, தண்ணியும் இல்லீன்னா பிட்டு சூட்டுல வெந்து போயிருமே” என்றார். அடுத்த இரண்டு மாதம் ஒரு வரிகூட எழுதாமல் படித்தேன். 1971-இல் அப்போலோ 15 வீரர்கள் நிலவில் துளை போட்ட கதை அப்போதுதான் கண்ணில் பட்டது. வெப்பமானி இறக்குவதற்காகப் பத்தடி போட வேண்டிய துளை, ஐந்தடி சுமாருக்கே இறுகிக்கொண்டது. அவர்கள் பயன்படுத்தியது காற்றில்லாத முறை. ராடின் வெளிப்பக்கத்தில் மரை சுற்றியிருக்கும், சுழலச் சுழலத் தூள் அதில் ஏறி மேலே வரும். ராடும் ராடும் சேருகிற இடத்தில் மரை சரியாக அமையாததால் தூள் அங்கேயே அடைத்துக்கொண்டது. அடுத்த பயணத்துக்குள் அந்த இணைப்பை மாற்றிவிட்டார்கள்.

இதை அண்ணனிடம் சொன்னபோது அவருக்கு ஒன்றுதான் மனதில் பட்டது. “அஞ்சடியிலயா?” என்றார். ஆயிரம் அடி இறக்கியும் தண்ணீர் வராமல் புழுதிப் புகை மட்டுமே பார்க்கிற ஊர்க்காரர் கேட்ட அந்த ‘அஞ்சடியிலயா’வை அப்படியே நாவலில் ஒரு பாத்திரத்தின் வாயில் போட்டேன். கம்ப்ரஸர் போய் மரை ராடு வந்தது. அத்தியாயத்தை மூன்று முறை திருப்பி எழுதினேன். முதலில் எழுதியதில் ஒரு வசதி இருந்தது, எல்லாமே சட்டென்று நடந்துவிடும். இப்போது அரை அடிக்கு ஒருமுறை நிறுத்தி, பிட் ஆறக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். நாவலில் உருப்படியான பேச்சு எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

பதிப்பகம் தேடிய கதையை நீட்ட வேண்டியதில்லை. மூன்று இடங்களுக்கு அனுப்பினேன். ஒரு இடத்தில் பதிலே இல்லை. ஒரு இடத்தில் “அறிவியல் கதையா, அப்போ சிறுவர் நூல் வரிசையில் போடலாமா?” என்று கேட்டார்கள். என் ஆட்கள் பேசும் பேச்சுக்குச் சிறுவர் நூலில் இடம் கிடையாது. மூன்றாவது இடத்தில் எட்டு மாதம் கழித்து ஒத்துக்கொண்டார்கள். முதலில் 300 படி, பத்து சதவீதம் ராயல்டி. புத்தகத்துக்கு அடையாளமான ஐஎஸ்பிஎன் எண்ணை அவர்களே வாங்கினார்கள். டெல்லியில் இருக்கும் அரசு முகமை அதை இலவசமாகத்தான் தருகிறது. அதற்கென்று யாராவது உங்களிடம் தனியாகப் பணம் கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள்.

அப்புறம் மெய்ப்பு, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பது. மெய்ப்புத் திருத்தியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒற்றுப்பிழைகளைச் சல்லடை போட்டு எடுத்தார், அதற்குக் கும்பிடுகிறேன். கூடவே ரிக் வண்டியைத் ‘துளையிடும் ஊர்தி’ ஆக்கியிருந்தார். கேசிங் பைப் ‘உறைக்குழாய்’ ஆகியிருந்தது. போனில் கூப்பிட்டேன்.

“ஐயா, எங்க ஊர்ல யாரும் ஊர்தின்னு சொல்ல மாட்டாங்க.”

“நிலவுல சொல்லலாமே தம்பி. அங்கே இன்னும் யாருமே பேச ஆரம்பிக்கலையே.”

பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. புதுக் கருவிக்குப் புதுச்சொல் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஏற்கெனவே பத்தாயிரம் வாய்களில் புழங்கும் சொல்லை மாற்றினால் பாத்திரம் பேசுவதை நிறுத்திவிடும், அகராதி பேச ஆரம்பிக்கும். அரை மணி நேரம் பேசி ரிக்கையும் கேசிங்கையும் மீட்டேன்.

அதே பேச்சில் அவர் ஒன்று கொடுத்தார். நிலவுக் குடியிருப்பில் வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவில், காற்றை நிரப்பி இறக்கும் சின்ன அறையை ‘ஏர்லாக்’ என்று எழுதியிருந்தேன். “அது என்ன தம்பி, இடைகழிதானே? நாங்கள் ரேழி என்போம்” என்றார். அவர் பிறந்த வீட்டில் இருந்ததாம்; வெளியிலிருந்து வருகிறவர் அங்கே கொஞ்சம் நின்றுதான் உள்ளே போவார்களாம். நாவல் முழுக்க ஏர்லாக்கை எடுத்துவிட்டு ரேழி போட்டேன். ‘ரேழியில் நின்று தூசியைத் தட்டிவிட்டு உள்ளே வா’ என்று ஒரு வரி தானாகவே வந்து உட்கார்ந்தது. நிலவுத் தூசியைத் தேய்த்து மழுக்கக் காற்றோ ஓடுகிற தண்ணீரோ அங்கே கிடையாது, துகள் ஒவ்வொன்றும் கண்ணாடிச் சில்லு மாதிரி கூர். தட்டாமல் உள்ளே வந்தால் ஆபத்துதான்.

அடுத்த அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. பக்கம் வடிவமைத்தவர், வரி ஓரத்தில் தேவையில்லாமல் விழுந்திருந்த சின்னக் கோடுகளை ஒரே கட்டளையில் மொத்தமாக நீக்கிவிட்டார். அதோடு எண்களுக்கு முன்னால் இருந்த கழித்தல் குறிகளும் போய்விட்டன. இருட்டுப் பள்ளத்தில் பனிக்கட்டி 200 டிகிரியில் உறைந்து கிடந்தது. மூன்றாவது மெய்ப்பில்தான் கவனித்தேன், அதுவும் தூக்கக் கலக்கத்தில். எல்லா இடத்திலும் ‘பூஜ்ஜியத்துக்குக் கீழே 200’ என்று எழுத்தாலேயே எழுதச் சொன்னேன். அப்படியும் 117-ஆம் பக்கத்தில் ஒன்று தப்பிவிட்டது. வாங்கியவர்கள் அங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளவும்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு, நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துக்கு, இரண்டு நாள் லீவு போட்டுப் போனேன். அரங்கில் நின்ற நேரத்தில் என் கண் முன்னால் பதினோரு படி விற்றது. “சுஜாதா மாதிரியா?” என்று ஒன்பது பேர் கேட்டார்கள். முதல் நாள் விளக்கம் சொன்னேன். இரண்டாம் நாள் “படிச்சுப் பாருங்க” என்று மட்டும் சொன்னேன். தமிழில் அறிவியல் கதைக்கு வாசகர் இல்லை என்பவர்கள் அங்கே ஒரு மணி நேரம் நின்று பார்க்கலாம். ஆள் இருக்கிறார்கள், எடுத்துப் புரட்டுகிறார்கள். கீழே வைத்துவிட்டும் போகிறார்கள், அது வேறு விஷயம்.

ஊர் திரும்பியதும் ரிக் அண்ணனுக்கு ஒரு படி எடுத்து வைத்திருந்தேன். இலவசமாக வாங்க மாட்டேன் என்று சொல்லி, இரண்டு படிக்குக் காசு எடுத்து வைத்தார். கூடவே ஒரு பிட்டும் வாங்கினார். பிட்டுக்குப் பதினெட்டு சதவீதம் ஜிஎஸ்டி போட்டுப் பழகிய கை, புத்தகத்துக்கும் போடப் போய் நின்றது. அச்சுப் புத்தகத்துக்கு வரி கிடையாது. தனிச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

அவர் துளை அத்தியாயத்தைத் தேடி எடுத்து, அதே ஸ்டூலில் உட்கார்ந்து, விரல் ஓட்டிப் படித்தார். நாலாவது பக்கம் தாண்டியது. முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“அடுத்தது எந்த ஊருங் தம்பி?”

“செவ்வாய்ங்ணா.”

“அங்க காத்து?”

“இருக்குதுங்ணா. ஆனா நம்ம காத்துல நூத்துல ஒரு பங்குகூட இல்ல.”

கொஞ்ச நேரம் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார். “அப்ப கம்ப்ரஸரு கொஞ்சம் பெருசா வெக்கோணும்” என்றார்.