வம்சாவளிச் சங்கமும் ஓரிஸ்கனிப் போரும்

அமெரிக்காவில் 'டாட்டர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன்' என்று ஒரு பெண்கள் சங்கம் இருக்கிறது, 1890-ல் வாஷிங்டனில் ஆரம்பித்தது, இன்று நாடெங்கும் கிளைகள். சேர வேண்டுமானால், பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவிய ஒருவரின் நேரடி வாரிசு என்று தலைமுறை தலைமுறையாக ஆவணத்தோடு நிரூபிக்க வேண்டும். துப்பாக்கி தூக்கியவராக இருக்க வேண்டியதில்லை, படைக்குத் தானியம் கொடுத்திருந்தாலும் போதும். நல்ல விதி!

நியூயார்க் மாநிலத்து மோஹாக் பள்ளத்தாக்கில் இருக்கும் கிளைகளுக்கு அந்தப் போரில் நடந்த ஓரிஸ்கனிச் சண்டைதான் பெரிய கதை. 1777 ஆகஸ்ட் 6, முற்றுகையில் இருந்த ஸ்டான்விக்ஸ் கோட்டையைக் காப்பாற்ற விடுதலைப் பக்கத்துத் தளபதி நிக்கோலஸ் ஹெர்க்கைமர் சுமார் 800 உள்ளூர்க்காரர்களோடு கிளம்பி, காட்டுப் பள்ளத்தில் மறைந்திருந்த பிரிட்டிஷ் தரப்பிடம் மாட்டினார். காலில் குண்டு பாய்ந்தும் மரத்தடியில் உட்கார்ந்தபடியே சண்டையை நடத்தினார், அப்புறம் காலை வெட்டியெடுத்தும் சில நாளில் இறந்துபோனார். எதிர்ப்பக்கம் இருந்ததும் பெரும்பாலும் தெரிந்த முகங்கள்தான், அரசருக்கு விசுவாசமான அக்கம்பக்கத்தார், மோஹாக், செனகா பழங்குடி வீரர்கள். ஓனைடா பழங்குடி மக்கள் ஹெர்க்கைமர் பக்கம் நின்றதால், இந்தப் பழங்குடிகள் எல்லாம் சேர்ந்திருந்த இரோக்வா கூட்டமைப்பே பிளந்துபோனது.

ஹெர்க்கைமர் சிலையை எல்லோரும் படமெடுக்கிறார்கள், ஓனைடாக்களைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்கு எரிச்சல். இந்தச் சங்கமும் லேசுப்பட்டதில்லை: 1939-ல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்குத் தன் அரங்கைத் தர மறுத்தது, அன்றைய அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் அதனால் சங்கத்திலிருந்து விலகினார். கறுப்பினப் பெண்கள் உறுப்பினராவதற்கு 1970-கள் வரை ஆனது, அவர்களின் முன்னோரும் அந்தப் போரில் இருந்தும்கூட.