ஏற்புக் கடிதம் வந்த பிறகு

வெளிநாட்டுக் கருத்தரங்கில் யார் பேசப்போகிறார்கள் என்பது கட்டுரை தேர்வாவதோடு முடிவாகிவிடுவதில்லை. தேர்வு முடிவை எந்தத் தேதியில் சொல்லலாம் என்று அமைப்பாளர்கள் நாள் குறிக்கிறார்களே, அப்போதே பாதி முடிவாகிவிடுகிறது. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுத் தொடர்புப் பிரிவில் ஆய்வு மாணவர்களின் விசாக் கோப்புகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு உறைத்த விஷயம் இது.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், கூடுதலாக எதையாவது சரிபார்க்க வேண்டியிருந்தால் 45 நாள் வரை ஆகலாம். ஏட்டில் இது தாராளமான அவகாசம்தான். ஜூலை மாநாட்டுக்கு மே நடுவில் ஏற்புக் கடிதம் வந்தால் என்ன ஆகும்? சுற்றுலாப் போகும் குடும்பங்களும், மேற்படிப்புக்குக் கிளம்பும் பிள்ளைகளும் விசா மையத்தில் மொய்க்கும் பருவம் அது. அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்குள்ளேயே வாரங்கள் ஓடிவிடும். இங்கே உள்ளுக்குள் நடக்கவேண்டிய வேலைகள் வேறு: கைடு கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து, தடையில்லாச் சான்று, பயண நிதிக்கு ஒப்புதல். செலவை யார் ஏற்கிறார்கள் என்று தூதரகத்துக்குக் காட்ட நிதி உறுதியாக வேண்டும். நிதிக்குழுவோ விசா வரட்டும் பார்க்கலாம் என்று கோப்பை நிறுத்திவைக்கும். அதே அரங்கில் பேசவரும் ஜப்பானியருக்கு ஐரோப்பா போக விசாவே தேவையில்லை. இரண்டு பேரின் கட்டுரையையும் ஒரே தராசில் நிறுத்துத்தான் எடுத்தார்கள்.

மாணவர்கள் பாஸ்போர்ட்டை நீட்டியதும் காலாவதி தேதியோடு வழங்கிய தேதியையும் பார்ப்பேன். ஷெங்கன் நாடுகளுக்கு அது கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கியதாக இருக்க வேண்டும், அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும், 2 பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். வேறு பல நாடுகள் 6 மாதம் கேட்கும். பலருக்கு இதுதான் முதல் பாஸ்போர்ட் என்பதால் போலீஸ் வெரிஃபிகேஷனும் சேர்ந்துகொள்ளும். முகவரி சொந்த ஊரில், பிள்ளை ஹாஸ்டலில். அதனால் பிஎச்டி சேர்ந்த உடனே பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள் என்று அறிமுகக் கூட்டத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

பெயர் விஷயம் நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கல். கட்டுரையில் அப்பா பெயரின் முதலெழுத்தோடு அச்சாகியிருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் கிடையாது. சிலருக்கு அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் நிற்கும், சிலருக்கு அந்தக் கட்டமே காலி. ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு அமெரிக்க விசாவில் இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’, அதாவது ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்று விழும். அழைப்புக் கடிதத்தில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்றால் இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க இன்னொரு கடிதம் வேண்டும். மாநாட்டுக்குப் பதிவு செய்யும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை எழுதினால் இந்த அலைச்சல் பெரிதும் குறையும்.

கடல்பாசியில் ஆய்வு செய்யும் ஒரு மாணவருக்கு போர்ச்சுகலில் மாநாடு. அவருடைய வங்கிக் கணக்கு அறிக்கை இன்னும் எனக்கு நினைவில் இருக்கிறது. ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். ஆனால் அது மாதாமாதம் வந்திருக்கவில்லை. பல மாதங்களுக்கு மெஸ் கட்டணமும் ரீசார்ஜும் போக சில நூறு ரூபாய்தான் இருப்பு. பிறகு ஒரே நாளில் நிலுவை மொத்தமும் வந்து விழுந்திருக்கிறது. “மேடம், கடன் வாங்கிப் போட்டேன்னு நெனச்சிடுவாங்களா?” என்று கேட்டார். நியாயமான பயம். விசாவுக்காகத் திடீரென்று போட்ட பணத்துக்கும் இதற்கும் அறிக்கையை மட்டும் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஃபெலோஷிப் ஆணை, நிலுவை விடுவித்ததற்கான சான்று, இரண்டையும் விளக்கி ஒரு கடிதம் என்று சேர்த்து அனுப்பினோம். விசா வந்தது. மாநாடு தொடங்கிய பிறகு வந்தது. இங்கிருந்தே வீடியோவில் பேசினார். ஒரு கேள்விதான் வந்தது என்றார். அவர் அங்கே போக நினைத்ததே தேநீர் இடைவேளையில் பேசவேண்டிய ஆட்களுக்காகத்தான்.

அமைப்பாளர்களால் இதை மாற்ற முடியும். எச்ஐவி உள்ளவர்கள் நுழைய அமெரிக்கா தடை வைத்திருந்தபோது, 1992ல் பாஸ்டனில் நடக்கவேண்டிய சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டை ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றினார்கள். 2010ல் தடை நீங்கிய பிறகு, 2012ல்தான் அது வாஷிங்டனுக்கு வந்தது. செயற்கை நுண்ணறிவுத் துறையில் மதிப்புமிக்க ஐசிஎல்ஆர் மாநாட்டை 2020ல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் நடத்தத் திட்டமிட்டார்கள். ஆப்பிரிக்க ஆய்வாளர்களுக்கு விசா மறுக்கப்பட்டு வந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். கொரோனாவால் அது இணையத்துக்குப் போனது. 2023ல் ருவாண்டாவின் கிகாலியில் நடத்திக் காட்டினார்கள். இடத்தை மாற்றுவது எல்லோருக்கும் முடியாதுதான். தேதியை மாற்றலாமே.

நம் நாட்டுக்கு வருகிறவர்களுக்கும் பாதை எளிதல்ல. கருத்தரங்க விசாவுக்கு அழைப்புக் கடிதத்தோடு வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதி, உள்துறை அமைச்சகத்தின் நிகழ்ச்சி அனுமதி என்று அமைப்பாளர் தரப்பில் வாங்கவேண்டியவை இருக்கின்றன. அவற்றை நாங்கள் தாமதித்தால் அவதிப்படுவது அவர்கள். அதனால் டிசம்பரில் எங்கள் வளாகத்தில் நடக்கும் கருத்தரங்குக்குத் தேர்வு முடிவை ஜூலையிலேயே அறிவிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆய்வு முடிவுகள் பழசாகிவிடும் என்று பேராசிரியர்கள் சிலர் தயங்குகிறார்கள். விசா தேவைப்படுகிறவர்களின் கட்டுரைகளையாவது முதலில் மதிப்பிட்டு அனுப்புங்கள் என்று கேட்டு அடுத்த கூட்டத்துக்குக் குறிப்பு வைத்திருக்கிறேன். நைஜீரியாவிலிருந்து இருவர் ஏற்கெனவே எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றும் வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும்.