லேப்டாப் திரும்பி வந்தது, நகல் அங்கேயே இருக்கிறது

திருப்பூர்ப் பக்கம் சின்னச் சின்ன பனியன் கம்பெனிகளுக்கு டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். அவற்றில் ஒரு கம்பெனி மேல் போலி பில் மோசடி வழக்கு வந்தது. நான் அதில் சாட்சி மட்டும்தான். ஆனாலும் என் லேப்டாப் போனது. சாட்சியின் கம்ப்யூட்டர் என்று நம் சட்டத்தில் தனி மரியாதை ஒன்றும் கிடையாது.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவில் மின்னணுச் சாதனத்தைக் கேட்டு வாங்கலாம், 106ஆம் பிரிவில் கைப்பற்றலாம். அந்தப் பெட்டிக்குள் எதைப் பார்க்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதற்கு இரண்டிலும் ஒரு வரி இல்லை. என் லேப்டாப்பில் அந்த ஒரு கம்பெனியின் கணக்கு மட்டுமா இருந்தது? மற்ற பார்ட்டிகளின் கணக்கு, மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட், குழந்தைகள் படம் எல்லாம் அதில்தான்.

“அந்தக் கம்பெனி டேட்டாவை மட்டும் எடுத்துத் தர்றேங்க, சான்றிதழோட” என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டுப் பார்த்தேன். புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் அதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. ‘அ’ பகுதியில் சாதனத்தைக் கையாளுபவர் கையெழுத்து, ‘ஆ’ பகுதியில் நிபுணர் கையெழுத்து. அவர் கோபப்படவில்லை. “முழு சிஸ்டமும் வேணும்னு மேல கேக்கறாங்க சார்” என்றார், அவ்வளவுதான்.

வக்கீலம்மாவுக்கு போன் போட்டேன். “அவங்க எடுக்கறதை நிறுத்த முடியாதுங்கண்ணா. மகஜர்ல என்ன எழுதறாங்கன்னு மட்டும் விடாம பாருங்க” என்றார். இந்த முழு விவகாரத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான யோசனை அதுதான். மகஜரில், அதாவது கைப்பற்றியதை எழுதி வைக்கும் பதிவில், முதலில் எழுதியிருந்தது ‘கறுப்பு நிற லேப்டாப் ஒன்று’. லேப்டாப்பின் சீரியல் எண், உள்ளே இருக்கும் டிஸ்க்கின் எண், அணைத்த நிலையில் எடுத்தது, நேரம், உறை மேல் சீல், சீல் மேல் என் கையெழுத்து என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சேர்க்க வைத்தேன். ஹேஷ் மதிப்பும் கேட்டேன். டிஸ்க்கில் உள்ள மொத்தத் தரவிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் நீளமான எண் அது; ஓர் எழுத்து மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும். பின்னால் யாரும் உள்ளே எதையும் சேர்க்கவில்லை என்று காட்ட அதைவிட நல்ல வழி இல்லை. அவர்களிடம் அதற்கான கருவி இல்லை, ஆய்வகத்தில்தான் எடுப்பார்கள் என்றார்கள். அதனால்தான் சீல் விஷயத்தில் அப்படிப் பிடிவாதம் பிடித்தேன். எடுத்த பிறகு யாராவது ஆன் செய்து பார்த்தால், அந்த நேரம் விண்டோஸ் பதிவில் ஏறிவிடும். மகஜரில் இருக்கும் நேரத்தோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்கலாம். சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு சொல்கிறபடி மொபைலில் வீடியோவும் எடுத்தார்கள். மகஜரைப் படித்துக் காட்டும்போது கேமராவை அதன் பக்கம் திருப்பச் சொன்னேன்.

பாஸ்வேர்டு? “எழுதிக் கேளுங்க, எழுதித் தர்றேன்” என்றேன். குற்றம் சாட்டப்பட்டவரையே பாஸ்வேர்டு சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2022இல் டெல்லி சிறப்பு நீதிமன்றம் ஒன்று சொன்னது. அதற்கு முந்தின வருடம் கர்நாடக உயர் நீதிமன்றம் வேறு விதமாகச் சொல்லியிருந்தது. நானோ சாட்சி. கடைசியில் நடுவர் உத்தரவுப்படி சீலிட்ட கவரில் கோர்ட் வழியாகவே கொடுத்தேன்.

அடுத்த தலைவலி தொழில். மாதம் 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற விற்பனை விவரம், 20ஆம் தேதி 3பி என்ற வரிக் கணக்கு. தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வீட்டில் இருந்த டேலி பேக்கப்பை மச்சானின் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி ஓட்டினேன்.

லேப்டாப்பைத் திரும்பப் பெற சன்ஹிதாவின் 497, 503 பிரிவுகளில் மனு. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லிவிட்டது: பொருளைப் பதினைந்து நாள், மிஞ்சினால் ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் வைக்காதீர்கள், பிணை வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள் என்று. எனக்கு மாதக்கணக்கில் ஆனது. ஆய்வக அறிக்கை வரவில்லை என்று அரசுத் தரப்பு ஆட்சேபம், வாய்தா, மறுபடி வாய்தா. டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொண்டு பொருளைக் கொடுத்தால் வழக்குக்கு என்ன நஷ்டம் என்று வக்கீலம்மா கேட்ட பிறகுதான் நகர்ந்தது. ஒரு ஷூரிட்டி, புகைப்படங்கள், விற்க மாட்டேன், கூப்பிட்டால் கொண்டு வருவேன் என்று எழுதிக் கொடுத்து வாங்கி வந்தேன்.

ஆனால் நகல் அங்கே இருக்கிறதே. அதை நினைத்தால்தான் எனக்கு லேப்டாப் போனதைவிட வயிறு கலங்குகிறது. மெமரி கார்டில் இருப்பதும் ஆவணம்தான், குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பொதுவாக அதன் நகல் தர வேண்டும் என்று 2019இல் பி. கோபாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நியாயமான தீர்ப்பு, மறுக்கவில்லை. ஆனால் என் விஷயத்தில் அதன் விளைவைப் பாருங்கள்: நாளைக்கு என் டிஸ்க் முழுவதும் வழக்கு ஆவணமானால், அந்த முதலாளி கையில் அவருடைய போட்டிக் கம்பெனிகளின் கொள்முதல் விலை வரைக்கும் போய்ச் சேரும். அதே தீர்ப்பிலேயே, பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம் கருதி நகல் தராமல் பார்வையிட மட்டும் அனுமதித்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு, சம்பந்தப்பட்ட கம்பெனியின் ஃபோல்டரை மட்டும் வழக்கில் சேருங்கள் என்று ஒரு மெமோ போட்டிருக்கிறோம். பத்திரிகையாளர்களின் சாதனங்களைக் கைப்பற்ற வழிமுறை வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. கணக்குப்பிள்ளைக்காக யார் கேட்பார்கள்?

மற்ற பார்ட்டிகளுக்கு நானே போய்ச் சொன்னேன். ஒருவர் அன்றைக்கே கணக்கை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மீதிப் பேருக்கு இப்போது ஆளுக்கொரு வெளி டிஸ்க், ஒவ்வொன்றுக்கும் தனி பாஸ்வேர்டு. செலவை அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். குற்றப்பத்திரிகை இன்னும் தாக்கலாகவில்லை.