ஆனைமலைப் பறக்கும் தவளை

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்குச் செல்லும்போதெல்லாம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே திட்டுத் திட்டாக எஞ்சியிருக்கும் சோலைகளில் வாழும் இந்தச் சிறு பச்சைத் தவளையை நினைத்துக்கொள்கிறேன். ஆண்டிப்பாறைச் சோலையில் கண்டறியப்பட்ட இது, 2000ஆம் ஆண்டில்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. உண்மையில் இது பறப்பதில்லை. விரல்களுக்கு இடையிலுள்ள அகன்ற செந்நிறச் சவ்வை விரித்துக் காற்றில் சறுக்கி இறங்குகிறது. மழைக்காலத்தில் நீருக்கு மேலே தாழ்ந்திருக்கும் இலைகளில் நுரைக்கூடு கட்டி முட்டையிடுகிறது. பொரிந்து வரும் தலைப்பிரட்டைகள் நேராகக் கீழுள்ள நீரில் விழுந்து வளர்கின்றன. அந்தக் கிளையை வெட்டினாலோ, அடியிலுள்ள நீர் வற்றினாலோ அவ்வாண்டின் குஞ்சுகள் இல்லை. தோட்டங்களுக்காகக் காடு துண்டுபட்டதுதான் இதன் பெருந்துயரம். சென்ற ஆடி மழையில் ஓடையோரத்து இலையொன்றில் வெண்ணுரைக் கூட்டைக் கண்டு நெடுநேரம் நின்றிருந்தேன்.